மீற்றர் வாசிக்கிறவன்

மாதத்தில் ஒரு நாள் எனக்கு முத்தையன்கட்டு.
மோட்டார் சைக்கிள், துண்டு அடிக்கிற சின்ன மெசின்,
நாய்களுக்கென்று சட்டைப்பையில் இரண்டு பிஸ்கற்.

முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்துமூன்று.
சுகிர்தமலர் வீட்டுக் கணக்கு
ஆறு வருசமாய் இதற்குள்ளேதான் கிடந்தது.
இரண்டு பல்ப், ஒரு ரீவி, போன் சார்ஜர்.
எண்ணைப் பார்க்காமலே எழுதலாம்.

இந்த முறை எண்பத்தாறு.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். எண்பத்தாறுதான்.
"அக்கா, எங்கையோ லீக்."
"லீக் இல்லைத் தம்பி. உள்ளை வாங்கோ."

உள்ளே ஒரு மேசை.
மேசையில் கறுப்புக் கண்ணாடித் தட்டு, சிலேற் அளவில்.
பக்கத்தில் றைஸ் குக்கர்.
மூலையில் மூன்று கல் அடுப்பு, சாம்பல் அள்ளியாயிற்று.
அதற்குள் ஒரு கோழி
வாடகை இல்லாமல் குடியேறி அடைகிடந்தது.

அவவுக்கு வலக்கை முழங்கையோடு முடிகிறது.
எப்படி என்று இங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை.
ஆண்டைச் சொன்னால் போதும்,
சிலவேளை அதுவும் வேண்டாம்.

மிச்சக் கையால்
சைக்கிள் ஓடுவா, தேங்காய் திருவுவா,
மகள் டிலானிக்குப் பின்னலும் போடுவா,
ஒரு நுனியை அவள் பல்லால் கடித்துக்கொண்டால்.
பாலை விறகு மட்டும் கொத்த ஏலாது.

அதற்குப் பக்கத்து வளவு அருமைத்துரை
ஞாயிறு ஞாயிறாய்க் கோடாலியோடு வருவார்.
காசு வாங்கமாட்டார்.
வாங்காத காசுதான் கனம்.
அவருடைய மனைவி வேலிக்கு அங்கால் நின்று
கொத்து விழுகிற சத்தத்தை எண்ணுவா.
ஊர் வேறு எதையோ எண்ணும்.
மழை நாளில் விறகு நனைந்தால்
இன்னொரு தரம் கூப்பிட வேணும்.
கூப்பிட மனமில்லாமல்
பாணோடு முடிந்த இரவுகளும் உண்டாம்.

இதையெல்லாம் அவ கதையாய்ச் சொல்லவில்லை.
பில் ஏன் கூடிற்று என்று கேட்டதற்கு
மறுமொழியாய்ச் சொன்னா.

சங்கத்தில் கடன், பதினெட்டுத் தவணை.
அடி தட்டையான சட்டி தனியாய் வாங்கவேண்டி வந்தது.
கறியில் புகை மணம் இல்லையென்று
டிலானி ஒரு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள்.
காட்டுக்கரையில் மண்டையோட்டுப் பலகையைக்
கழற்றி வருசக்கணக்கு.
கழற்றின பிறகும்
தன் அடிச்சுவட்டிலேயே மகளை நடக்கவைத்துச்
சுள்ளி பொறுக்கினவ இந்த அக்கா.
இப்போது இருவரும் போவதில்லை.

நாலரைக்கு விழித்தவ ஐந்தரைக்கு எழும்புகிறா.
"அந்த ஒரு மணித்தியாலத்திலை என்ன செய்யிறியள்?"
"நித்திரை" என்றா,
களவு சொல்கிறவள்போலச் சிரித்துக்கொண்டு.

"அறுபதுக்கு மேலை போனால் விலை ஏறும், அக்கா."
"தெரியும் தம்பி.
முந்தியும் பில் வந்ததுதான்.
அதை உங்கட மெசின் அடிக்கேல்லை."

நான் ஒன்றும் பேசாமல் துண்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
வாசலில்தான் நினைவு வந்தது:
"கரண்ட் போனால்?"
"கோழி எழும்புமட்டும் பொறுக்க வேணும்.
இன்னும் ஒன்பது நாள்."

அடுத்தது அருமைத்துரை வீடு. முப்பத்துநாலு.
"அவைக்கு எவ்வளவு?" என்றா மனைவி.
பிறத்தியாரின் எண்ணை நான் சொல்லுவதில்லை.
அவவும் வற்புறுத்தவில்லை, கையில் வேலை இருந்தது.
உடைந்த ஸ்பீக்கரில் கழற்றின காந்தம்,
சுகிர்தமலரிடம் இரவல் வாங்கியதாம்.
குந்தியிருந்து
பானை பானையாய் வைத்துப் பார்த்தா.
ஒட்டவில்லை. எல்லாம் அலுமினியம்.
வெளியே அருமைத்துரை
கோடாலிக்குப் பிடி மாற்றிக்கொண்டிருந்தார்.

நான் மோட்டார் சைக்கிளை உதைக்கப்போக,
உள்ளே ஏதோ ஒரு சட்டியில்
டக் என்றது.