காணோம்

ஃப்ரீஸ்லாந்தின் தட்டை வயல்களுக்கு நடுவே
நாற்பத்தோராம் எண் ரயில்வே கேட்.
இந்தப் பக்கம் பால்பண்ணை, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்.
ஆள் கிடையாது. ஒரு சாம்பல் நிறப் பெட்டி,
அதற்குள் மூன்று கணினிகள்.
மூன்றில் இரண்டு ஒத்துக்கொண்டால் கேட் தூக்கும்.

அதை எழுதியது நான் இல்லை, ட்யாலிங்.
சுத்தமான கை அவனுக்கு.
நான் அதைப் பொய் சொல்ல வைக்கப் பார்ப்பவள்.
பன்னிரண்டு வாரமாக அதற்குத்தான் சம்பளம்.
கம்பியை அறுத்தேன்,
மின்சாரத்தைப் பாதியில் பிடுங்கினேன்,
கடிகாரத்தை நேற்றைக்குத் திருப்பிவைத்தேன்,
ஒரே நொடியில் இரண்டு ரயிலை விட்டேன்.
பெட்டி ஒவ்வொரு முறையும்
கேட்டைக் கீழே போட்டுவிட்டுப் பேசாமல் நின்றது.
தெரியாவிட்டால் மூடிக்கொண்டு நிற்பது
நம்மில் எத்தனை பேருக்கு வரும்.

பிறகு அக்டோபர். மழை. பாப்ளார் மரங்கள்.
சருகு தண்டவாளத்தில் விழுந்து
சக்கரத்தில் நசுங்கி நசுங்கிக் கறுப்புப் பசையாகி,
அதன் மேல் வந்தது ஒற்றைப் பெட்டி ரயில்.
இரும்பு இரும்பைத் தொடவில்லை.
ஒன்றேகால் நொடி
நாற்பது டன் ரயிலைக் காணோம்.

பயப்படாதீர்கள், நடந்தது என் மேசையில்.
பழைய கேட்டின் பதிவைப் புதுப் பெட்டிக்கு ஓட்டிக் காட்டியபோது.
பச்சை விளக்கு எரிந்தது.
மூன்று கணினிகளும் ஒரே குரலில் சொல்லின: இல்லை.
மூன்று பேர் தனித்தனி அறையில் எழுதிய நிரல்தான்,
ஆனால் மூவரும் படித்தது ஒரே காகிதம்.
பத்தி ஏழு, இரண்டாவது வரி:
ரயில் இல்லையெனில் கேட்டைத் தூக்கவும்.

ஒன்றேகால் நொடிதானே என்றார் ஹெட்சர்.
பதினோராயிரம் ஓட்டத்தில் ஒருமுறை.
வெள்ளிக்கிழமை கையெழுத்து வேண்டும்.
நான் பேனாவை மூடினேன். சண்டை போடவில்லை.
காலை எட்டேகாலுக்கு அங்கே எத்தனை சைக்கிள் நிற்கும்
என்று மட்டும் கேட்டேன்.
அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.
போய் எண்ணிவிட்டு வந்தேன்.
முப்பத்திரண்டு.
அதில் ஒன்றின் பின்னால் ஒரு குழந்தை,
இன்னொன்றில் ஆளைவிடப் பெரிய செல்லோ.

வியாழன் இரவு ட்யாலிங் வந்து உட்கார்ந்தான்.
தன் நிரலைத் தொடவில்லை.
காகிதத்தை எடுத்து அந்த வரியை அடித்தான்.
காணோம் வேறு,
இல்லை வேறு.
உள்ளே வந்ததைப் பார்த்தாய் அல்லவா,
அந்தப்பக்கம் ஏறி வெளியே போவதையும் பார்.
பார்க்காதவரை அது இங்கேதான் இருக்கிறது.
பார்த்தபிறகும் நான்கு நொடி சும்மா இரு.

மறுபடி முதலிலிருந்து, பதினோராயிரமும்.
பிப்ரவரியில் கையெழுத்துப் போட்டேன்.
அந்தப் படிவத்தில் "சரி" என்று எழுதக் கட்டமே இல்லை.
"பிழை காணப்படவில்லை" என்றுதான் இருக்கிறது.
அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த வழியாகப் போனேன்.
ரயில் கடந்துவிட்டது. கேட் தூக்கவில்லை.
ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர்
சைக்கிளில் ஒற்றைக் காலை ஊன்றி
ஃப்ரீஸியனில் திட்டினார்,
போய்த் தொலைந்ததே, இன்னும் என்ன என்று.
ஒன்று, இரண்டு, மூன்று.
நானும் பக்கத்தில் நின்று
கைக்கடிகாரத்தைப் பார்த்து
எரிச்சலாக இருப்பதுபோல் நடித்தேன்.