அரை லிட்டர்

பாலத்து மேல் வேனை நிறுத்தி
ரயில் பார்க்கிறவர்கள் குடித்துவிட்டு எறிவதெல்லாம்
இங்கேதான் வந்து ஒதுங்கும்.
வாடையடித்தால் பெண்கடல் கொண்டுவரும்.
கச்சான் அடித்தால் ஆண்கடல்.
இரண்டுக்கும் நடுவில் சின்னப்பாலம்,
அதில் என் வீடு.

மூடியோடு வருவது எனக்கு.
மூடியில்லாதது பழைய சாமான் வண்டிக்கு.
நானே போட்ட சட்டம்,
எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

மூடியிருந்தால் காற்று உள்ளே நிற்கும்.
பாசிக் கயிற்றில் முழத்துக்கு ஒரு பாட்டில் கட்டினால்
கயிறு அமிழாது,
கடன் கொடுத்தவள் மாதிரி
தலை தூக்கியே நிற்கும்.

ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைச் சாய்வாக வெட்டினால்
வள்ளத்துத் தண்ணீர் இறைக்கலாம்.
கைப்பிடி அதிலேயே இருக்கிறது.
வெட்டுவாயைச் சூடான கரண்டியால் மழுக்க வேண்டும்.
ஒருமுறை மறந்தேன்,
பெருவிரலில் இன்னும் அந்தக் கோடு.

அரிசிப் பையைப் பிரித்து
ரெபோனிக்குப் பள்ளிக்கூடப் பை தைத்தேன்.
எழுத்து முதுகுப் பக்கம் வந்துவிட்டது:
பொன்னி, பத்து கிலோ.
மூன்றாம் வகுப்பு முழுக்க அவளைப் பொன்னி என்றது.
நாலு நாள் அழுதாள்.
இப்போது கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்கிறாள்.

ஐப்பசியில் இன்னாசி
நங்கூரக் கயிறு இழுத்துக் கல்லில் விழுந்தார்.
வலது தோள்.
ராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரியில் தகடு வைத்தார்கள்.
பயிற்சி சொல்லித் தந்த பிள்ளை
அரை கிலோ டம்பெல்லில் தொடங்குங்க என்றாள்.
விலை கேட்டேன்.
சொன்னாள்.
பேருந்துக் காசை மட்டும் திரும்ப எண்ணிக்கொண்டேன்.

நல்ல தண்ணீர் குடம் பத்து ரூபாய்,
அதைப் பாட்டிலில் அடைத்துத் தூக்கவா முடியும்?
கடல் தண்ணீர் ரெண்டு நாளில் நாறும்.
மணலுக்கு யாரும் காசு கேட்பதில்லை.
ராயப்பன் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்:
அரை லிட்டர் பாட்டிலில்
பாதிக்கு மேல் ரெண்டு விரல் மணல்,
சரியாக அரை கிலோ.
ராயப்பன் சிரித்தான்.
படிக்கல்லா விற்கப் போறே?

இன்னாசி வாங்கவில்லை.
பொம்பளைப் பிள்ளை சொப்புச்சாமான் என்று
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.
நான் பாசிக்குப் போய்விட்டதாக நினைத்த ஒரு நாள்
கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.
லாபம்... ரெண்டு... மூணு...
மீன் எண்ணுகிற அதே குரல்.
ஏழோடு நின்றது.
வெகுநேரம் கழித்து
மறுபடியும் லாபம்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால்
பாட்டிலில் ஒரு விரல் மணல் ஏற்றுவேன்.
ரெபோனி நகச்சாயத்தால் கோடு போடுவாள்.
கோடுகள் கழுத்துவரை வந்தன.
தோள் ஏறியது.
விரல்கள்தான் ஏய்த்தன.
சட்டைப் பொத்தானும் நான்தான்,
தீப்பெட்டியும் நான்தான்.

தை பிறந்து ஒரு சாயங்காலம்
இடுப்புவரை நனைந்து வீட்டுக்குள் கால் வைத்தால்
தரை முழுக்க மணல்.
பாட்டில் காலியாக உருண்டு கிடக்கிறது.
நடுவில் அவர்,
வலது உள்ளங்கையில்
நீல மூடி.
திறந்துட்டேன் என்றார்.

காலையில் பெருக்கிய தரை.
வாயில் வந்ததெல்லாம் திட்டினேன்,
அடுத்த வீட்டு செரோனிமா ஓடி வரும் அளவுக்கு.
என்னக்கா, என்ன ஆச்சு?
மணலைக் காட்டினேன்.
வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

அவள் போனபிறகு
மணலை அள்ளிப் பாட்டிலில் போட்டேன்.
அவர் மூடினார்.
மூன்று சுற்று, நாக்கைக் கடித்துக்கொண்டு.

எந்த மூடியையும்
கையில் வாங்கி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது
என் வழக்கம்.
அன்றைக்குப் பார்க்கவில்லை.