பதினெட்டு நட்டு

எமரால்டு அணையின் கீழ்க்கரையில்
தார்ப்பாயை விலக்கிக் காட்டினார் பெள்ளிராஜ்.
மஞ்சள் பெயின்டுக்கு அடியிலும்
அதன் முகம் எனக்குத் தெரிந்துவிட்டது.
கைகாட்டி ஃபேக்டரி மூடுமுன்
'கழிவு' என்று நானே எழுதிய பாய்லர்.
வளைவில் குத்திய எண்கள் அப்படியே இருந்தன,
பெயர் மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவனின்
தழும்பு மாதிரி.

"நீர்மூழ்கி, மேடம்" என்றார்.
"ரெண்டு பேர் உட்காரலாம். முப்பது மீட்டர்."
திரவியம் ஃபிளாஸ்கில் டீயும்
காகிதத்தில் வர்க்கியும் கொண்டுவந்தான்.
ஆய்வுக்கு வந்தவளின்
வயிற்றை முதலில் நிரப்பிவிட வேண்டும் என்பது
எல்லா ஃபேக்டரிக்கும் தெரிந்த விதி.

எனக்குத் தெரிந்தது நீராவி.
உள்ளேயிருந்து முட்டும், வெளியே வரப் பார்க்கும்.
இருபத்திரண்டு வருஷம்
அந்தக் கோபத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.
தண்ணீருக்குக் கோபமே இல்லை.
பத்து மீட்டருக்கு ஒரு தரம்
சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று
கூட்டிக்கொண்டே போகும்
வட்டிக்காரன் நோட்டைப் போல.
உருளை வட்டமாக இருக்கும்வரை தாங்கும்.
எங்கேயோ ஒரு விரற்கடை நெளிந்திருந்தால்
அங்கே வந்து கணக்கை முடிக்கும்.

கப்பலுக்கு விதி உண்டு. பாய்லருக்குச் சட்டமே உண்டு.
பரிசலில்கூட எத்தனை பேர் என்று
ஒரு பலகை தொங்கும்.
மலைமேல் ஒருவர் தன் காசில் கட்டி
தானே ஏறி மூழ்குவதற்கு
எந்த ஆபீசிலும் படிவம் இல்லை.
"அப்ப தப்பில்லையே" என்று சிரித்தார்.
நானும் சிரித்துவிட்டேன்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

சிவப்புச் சாயம் தடவி, துடைத்து,
வெள்ளைப் பொடி அடித்துக் காத்திருந்தேன்.
கற்பூர மரக் காற்றில் பொடி காய்ந்தது.
திரவியத்தின் வெல்டிங்
மீன் செதில் அடுக்கினாற்போல் இருந்தது.
முதல் மூட்டு சுத்தம். இரண்டாவதும்.
ஜன்னல் வளையத்துக்குக் கீழே
வெள்ளையில் ஒரு சிவப்பு மயிரிழை
மெல்ல எழுந்தது.
நகத்தால் சுரண்டிப் பார்த்தான் அவன்.
பிறகு யாரும் வர்க்கியைத் தொடவில்லை.

அரைத்தெடுத்து மறுபடி பற்றவைக்க மூன்று நாள்.
நாலாம் நாள்
ஆளில்லாமல் இறக்கச் சொன்னேன்,
முப்பதுக்கு அல்ல, நாற்பத்தைந்துக்கு.
உள்ளே முழுக்கக் கோலமாவு தூவி
இரும்புப் பாளம் கட்டி
கம்பியில் ஒரு மணி நேரம்.
அணைக் காவலர் ரஃபீக் குடையோடு வந்து
"என்னத்தப் பிடிக்கிறீங்க?" என்று இரண்டு தரம் கேட்டார்.
மேலே வந்தபோது மாவில்
ஒரு சொட்டின் தடம்கூட இல்லை.
பெள்ளிராஜ் அழுதார்.
அழுதுகொண்டே பேனாவை நீட்டினார்.

அப்போதுதான் மூடியைப் பார்த்தேன்.
பதினெட்டு நட்டு. பதினெட்டும் வெளியே.
"யார் முடுக்குவது?"
"திரவியம்."
"யார் கழற்றுவது?"
"திரவியம்தான்."
"அவன் கரையில் வழுக்கி விழுந்தால்?
நீங்கள் நினைத்த இடத்தில் இல்லாமல்
பனிமூட்டத்துக்குள் எங்கோ மிதந்து எழுந்தால்?
காற்று எத்தனை மணி நேரத்துக்கு?"
"ரெண்டு பேருக்கு நாலு"
என்றவர் அதற்குமேல் பேசவில்லை.

உள்ளே இறங்கினேன்.
நட்டு வேண்டாம், மூடியை மட்டும் வை என்றேன்.
விரலை மடக்கித் தட்டினேன்.
செருப்பைக் கழற்றித் தட்டினேன்.
கண்ணாடி வழியே பெள்ளிராஜின் முழங்கால் தெரிந்தது.
அது திரும்பவில்லை.
மேலே அவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்,
விலையைப் பற்றி இருக்கலாம்.
என் மூச்சு எனக்கு முன்னால் போய்
இரும்பில் பட்டுத் திரும்பியது.

வெளியே வந்து வெள்ளைத் தாளில் எழுதினேன்:
ஒன்று. மூடி உள்ளேயிருந்து திறக்க வேண்டும்.
"ரெண்டு?" என்றான் திரவியம்.
"இன்னும் தெரியாது."

கையெழுத்து இல்லாத தாளை
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார் பெள்ளிராஜ்.
கடைசி பஸ்ஸில் என் முதுகெல்லாம் கோலமாவு.
கண்டக்டர் சில்லறை மட்டும்தான் கேட்டார்.