பதினாலாம் நம்பர் கண்ணாடி

நத்தார் லீவு. கடை பூட்டு.
ஆனாலும் தகரக் கதவில் தட்டுகிறார்கள்.
"அண்ணை, வெல்டிங் கண்ணாடி இருக்கோ?"

இந்த ஊரின் கேட்டையும் கிரில்லையும்
இருபது வருசம் ஒட்டியிருக்கிறேன்,
என் முகமூடியை யாரும் கேட்டதில்லை.
நாளைக் காலை சூரியன் வளையமாகப் போகிறதாம்,
இன்றைக்கு நான் பெரிய ஆள்.

பதினொன்று போதாது, பதினாலு வேணும் என்று
கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்து
போன கிழமையே சொல்லிவிட்டார் றிஸ்மியா டீச்சர்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
பேப்பரில் சுற்றிப் பன்னிரண்டு வந்தது.
ஒன்று ஹபரணைப் பக்கம் உடைந்திருக்க வேண்டும்.
பத்தைக் குறுக்கே வெட்டினேன், இருபது.
சூரியனைப் பார்க்க ஒரு கண் போதும்.
மிச்சம் ஒன்றை முழுதாக
எனக்கென்று மேசை லாச்சியில் வைத்தேன்.

மூதூர்க்காரர் ஒருவர் எக்ஸ்ரே படத்தோடு வந்தார்.
தோள் எலும்புக்குப் பக்கத்தில்
செல் துண்டு, வெள்ளையாய், அரிசி போல.
"இதுக்குள்ளால பாக்கலாமோ?"
கூடாது என்றேன்.
கவனமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

எதிர்வீட்டுச் சுகந்தினிக்கு ஏழு மாதம்.
நாளைக்கு அறையை விட்டு வெளியே வரக்கூடாதாம்.
மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து
ஒரு துண்டு வாங்கிக்கொண்டு போனாள்,
யன்னலால் எட்டிப் பார்க்க.

டீச்சரின் ஏழு பிள்ளைகளுக்கும்
ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன்.
தொழில் பழகிய முதல் கிழமை
கண்ணாடி இல்லாமல் ஒரேயொரு பொட்டு ஒட்டினேன்.
பகலில் ஒன்றுமில்லை. சோறு தின்றேன், படுத்தேன்.
நடுச்சாமத்தில் யாரோ
இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்டு
இமையால் அரைத்தார்கள்.
வெளிச்சம் சுடும்போது சொல்லாது,
பிறகுதான் சொல்லும்.

டீச்சர் நேரம் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.
எட்டு மணி தாண்டி முதல் கடி.
ஒன்பதரை தாண்டி வளையம்.
நடுவில் ஒன்பது இருபத்தைந்து,
பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.
நாளைக்கு மார்கழி இருபத்தாறு.
அந்த இரண்டு நிமிசமும் பிள்ளைகள்
கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து நிற்பார்களாம்.
அலை வந்தபோது
அவர்களில் ஒருவரும் பிறந்திருக்கவில்லை.

பொழுதுபட்ட பிறகு தவமலர் அக்கா வந்தாள்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் வரும் ஊரில்
கடல் கண்ணில் படாமல் சந்தைக்குப் போக
அவளுக்கு ஒரு வழி தெரியும்.
ஏகாம்பரம் வீதி, ஒரு ஒழுங்கை,
பள்ளிக்கூட மதிலை ஒட்டி,
பிறகு லொறிகள் நிற்கும் பக்கம்.
பதினைந்து வருசம்.

இருபதும் முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன்.
"இதுக்குள்ளால கடல் தெரியுமோ?" என்றாள்.

லாச்சியைத் திறந்து
முழுக் கண்ணாடியை எடுத்துப் பல்புக்கு நேரே பிடித்தேன்.
பல்பே தெரியவில்லை.
"சூரியன் மட்டும்தான் அக்கா. மிச்சமெல்லாம் இருட்டு."

"அப்ப தா.
எல்லாரும் டச்சுக்குடாவுக்குத்தானே போகினம்.
நானும் நிண்டு பாக்கிறன்."

சத்தம் கேட்குமே என்று
நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

அவளுக்கு இரண்டு கண்ணுக்கும் வேண்டும்.
வெட்டவில்லை.
விளிம்பைச் சாணையில் தேய்த்து
கை கிழிக்காமல் பிளாஸ்டர் சுற்றிக் கொடுத்தேன்.
காசு நீட்டினாள். முந்நூறு எடுத்தேன்,
எடுக்காவிட்டால் வாங்கியிருக்க மாட்டாள்.

முற்றத்தில் வந்து அண்ணாந்து பார்த்தால்
வாடைக்காற்று, கிழக்கே முழுக்க முகில்.
மழை பெய்தாலும் பெய்யும்.
எனக்குக் கண்ணாடி இல்லை,
பிள்ளைகளிடம் ஒரு நிமிசம் இரவல் கேட்கலாம்.
எட்டு மணிக்குப் போகவேண்டும்.
அவள் வரும் வழியில்
கடைசி மதில் முடிகிற இடத்தில் நிற்பேன்.