நான்காம் அறையின் நெஞ்சுவலி

காலையிலிருந்து பதினோரு தடவை
எனக்கு நெஞ்சு வலித்துவிட்டது.
ஒவ்வொரு வலிக்கும் ஆறு நிமிடம்.
மணி அடித்தால் வலி நின்றுவிட வேண்டும்.

கொடுத்த தாளில் என் பெயர் ஃப்ராவ் டாம்ஸ்.
வயது அறுபத்திரண்டு. பண்ணை, கறவை மாடுகள்.
இடது தோளில் பாறாங்கல்.
"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்,
சாயங்காலம் யார் பால் கறப்பது?"
என்று அடம்பிடிக்க
மணிக்கு இருபத்திரண்டு யூரோ.
எங்கள் ஊர் நாடக அரங்கை மூடிய பிறகு
எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய வேடம் இதுதான்.

மதிப்பெண் மட்டுமே கதவைத் திறந்த காலம் ஒன்று இருந்தது.
தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் பிசகியவர்கள்
வருஷக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.
இப்போது மெக்லென்பூர்க்கில்
பக்கத்திலேயே இன்னொரு கதவு வைத்திருக்கிறார்கள்.
பத்து வருஷம் கிராமத்தில் வைத்தியம் பார்ப்பேன் என்று
மீசை முளைக்கும் வயதிலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.
பேச்சு மாறினால் இரண்டரை லட்சம் யூரோ.
கல்யாணப் பதிவேட்டில் நான் போட்ட கையெழுத்துக்கு
அபராதமே இல்லை.
ஆறு வருஷத்தில் முடிந்தது.

மூன்றாவதாக வந்தவள் ரொன்யா.
என் கண்ணைப் பார்த்தாள்: இரண்டு மதிப்பெண்.
என் பயத்தைப் பயம் என்றே சொன்னாள்: இரண்டு.
எல்லாம் சரி.
சலவையிலிருந்து வந்த சட்டை மாதிரி அவ்வளவு சரி.
எனக்கு வலி கொஞ்சமும் குறையவில்லை.

பதினோராவது ஆள் யோரிட்.
முப்பதைத் தொடுகிறான், ஆம்புலன்ஸில் எட்டு வருஷம்.
பெயர் சொல்லவில்லை, கை கொடுக்கவில்லை.
நாற்காலியை இழுக்கும்போதே கேட்டான்:
"எத்தனை மாடு?"

தாளில் அது இல்லை.
முப்பத்தெட்டு என்றேன், வாய்க்கு வந்ததை.
"பக்கத்துப் பண்ணையில் யார்? பேச்சுவார்த்தை உண்டா?"
"இல்லை. சண்டை."
"எதனால்?"
வேலி என்றேன். பிறகு, நாய் என்றேன்.
"நாயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.
கறவைக்கு மட்டும் ஆள் கேட்கிறேன்.
எண்ணைச் சொல்லுங்கள். செருப்பு எங்கே?"

நான் எழுந்துவிட்டேன்.
எழக்கூடாது என்று
தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர்
அறிமுகம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார்.
பேனாவை மூடினார். திறந்தார்.
வேறு எங்கோ எதையோ எழுதினார்.
எனக்குத் தெரியவில்லை.

இடைவேளையில் ஆறிய காபியோடு ஒரு கணக்கு.
படிப்பு ஆறு, அதற்குமேல் பயிற்சி ஐந்து.
இன்று தேறுகிறவர் ஒரு கிராமத்துக்கு வந்து சேரப் பதினொன்று.
எங்கள் டாக்டர் மார்ச்சில் ஓய்வு பெற்றார்.
கதவில் 'நன்றி' என்று ஒரு காகிதம்,
மழையில் மை ஊறி 'ந' மட்டும் மிச்சம்.
அடுத்த டாக்டர் நாற்பத்தொரு கிலோமீட்டர்,
புது ஆட்களைச் சேர்ப்பதில்லையாம்.
என் கைப்பையில் ரத்த அழுத்த மாத்திரை ஒரு அட்டை.
என் வயதும் அறுபத்திரண்டுதான்,
வேடத்துக்கு அதனால்தான் எடுத்தார்கள்.

பன்னிரண்டாவது மணி.
கதவருகே ஒரு பெண்,
உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள்.
"வணக்கம், ஃப்ராவ் டாம்ஸ். என்ன செய்கிறது?"

வசனம் நுனிநாக்கில்தான் இருந்தது.
"ஒன்பதுதான் மிச்சம்" என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
"எது?" என்றாள்.