இரண்டாவது தடவை

எழுபதுகளில் உனக்குப் பிடித்த பாட்டு எதுவென்று
கேட்கிறாய், வொர்க்னேஷ்.
பெயர் நினைவில்லை.

பன்னிரண்டு அடித்தால் அடிஸ் அபாபாவில்
உள்ளே தாழ் போட்டுவிடுவார்கள்.
விடியும்வரை தெருவில் தலை தெரியக் கூடாது.
ஆட வந்தவர்கள் ஆடித்தான் தீரவேண்டும்.

மூன்று மணிக்கெல்லாம்
லெம்மா குழுவிடம் பாட்டுத் தீர்ந்துபோகும்.
முதலில் வாசித்ததையே மறுபடி எடுப்பார்கள்,
தூக்கக் கலக்கத்தில்
சாக்ஸஃபோன் அரைச் சுருதி இறங்கி.
அதுதான் எனக்குப் பிடித்தது.
இசைத்தட்டில் இருப்பது முதல் தடவை.

ஒருநாள் வாசலில் ஜீப் நின்றது.
டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கியபடியே உறைந்தான்.
அந்த இருட்டில்
செருப்புக்கடை தெஷோமே என் காலை மிதித்தான்.
மன்னிப்புக் கேட்கவில்லை,
மூச்சுக்கூட விடக் கூடாதே.

எங்களுக்குச் சம்பந்தம் பேசியது
ராணுவம்தான், மகளே.
மன்னிப்பு
இன்னும் பாக்கி.