வெட்டு ஒன்று

சித்தையா ரோட்டில் பிளைவுட் கடை.
எட்டுக்கு நாலு ஷீட்டை
எப்படித் துண்டு போட்டால் வீண் குறையும் என்று
கட்டம் போட்டுத் தருவது என் வேலை.
கட்டிங் லிஸ்ட் என்பார்கள்.

ஆர்க்கிடெக்டுகள் அனுப்பும் தாளில்
வார்த்தைகள் ஆணி மாதிரி இறங்கும்.
மைட்டர். ரிபேட். ஆர்க்கிட்ரேவ்.
மல்லியன் என்றதும் முதல் வாரம்
யாரோ ஆள் பெயர் என்று நினைத்து
பில்லில் எழுதிவிட்டேன்.
ஜன்னலின் நடுச்சட்டம் அது.
தூணைக் காலம் என்று எழுதினால்
காலம் பன்னிரண்டு, காலம் பதின்மூன்று என்று
ஒரு வீட்டுக்குள் வரிசையாக நிற்கும்.
டவ்டெயில் பிடித்துப்போனது:
நேராக இழுத்தால் அசையாது,
பக்கத்திலிருந்து தட்டினால் வரும்.
எங்கள் ஓனரிடம் அட்வான்ஸ் கேட்பதும் அப்படித்தான்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழ் எழுதி வைப்பேன்.
அறுக்கிற சாமானுக்கு நம்மிடம் பஞ்சமா?
உளி, அரம், வாள், ரம்பம், இழைப்புளி.
ரம்பம், அறுவை, பிளேடு மூன்றையும்
வாய் ஓயாதவர்களுக்கென்றே ஒதுக்கியும்
மீதி இருக்கிறது.
ஒன்றுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் காலி.
கெர்ஃப்.

மெஷினை நிறுத்தாமலே ஹஃபீசுல் சொன்னான்,
பிளேடு தின்னும், தீதி.
பல்லின் அகலம் மூன்று மில்லி.
ஒவ்வொரு வெட்டிலும் அவ்வளவு மரம்
இந்தத் துண்டிலும் சேராது, அந்தத் துண்டிலும் சேராது.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்றே
பேசிப் பழகிய நாக்கு
கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது.

ஆகஸ்ட் தூறலில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஷெரின் கோஷியும் அமோக் காமத்தும்
ஒரு மேஜையோடு வந்தார்கள்.
என் நோட்டில் பாதி வார்த்தை
அவர்கள் கம்பெனித் தாளிலிருந்து எடுத்தது.
எதிரெதிரே உட்கார்ந்து வரைந்த தேக்கு மேஜை,
ஓரத்தில் காபி டம்ளர் வைத்த வட்டம்.
நடுவில் அறுக்கணும் என்றார் காமத்.
சரிபாதி என்றார் ஷெரின்.
வக்கீல் கடிதத்திலும் அப்படித்தானாம்.

இரண்டாயிரத்து நானூற்று நாற்பது மில்லி.
ஹஃபீசுல் நடுவைக் குறித்தான்,
மறுபடி குறித்தான்,
அறுத்தான்.

இவர் அளந்ததை அவர் அளந்தார்.
ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டரை.
அதுவும் ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டரை.
இருபது வரணுமே என்றார் காமத்,
கெர்ஃப் மூன்று மில்லி விடவும் என்று
எனக்கு எத்தனையோ முறை எழுதி அனுப்பியவர்.
ஹஃபீசுல் மெஷினுக்கு அடியிலிருந்த பையைக் காட்டினான்.
காலையிலிருந்து அறுத்த ஊரார் கிச்சன், கட்டில், பூஜை அலமாரி
எல்லாம் ஒரே தூளாகக் கிடந்தது அதில்.
பிரித்துத் தர முடியாது.

அதற்கப்புறம்தான் ஷெரின் கால்களை எண்ணினார்.
மொத்தம் நாலு.
ஆளுக்கு இரண்டு.
பதினைந்து மாடிக்குச் சுமை கணக்குப் போட்டவர்கள்
கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
சிரித்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

குக் டவுனுக்கு ஒரு டெம்போ, ஜெயநகருக்கு ஒன்று.
இரண்டும் லால்பாக் சிக்னலில் நிற்பதாகப் போன் வந்தது.
அதுவரை எங்கே வைப்பது?
ஹஃபீசுல் இரண்டையும் நகர்த்தி
அறுத்த வாயோடு அறுத்த வாய் முட்டும்படி
ஷெட்டரோரம் வைத்தான்.
நின்றது.
அதன் மேல்தான் காமத் செக் எழுதினார்,
ஷெரின் நனைந்த பையை வைத்தார்.

அறுப்புக் கூலி, ஒரு வெட்டு.
புதுக் கால் நாலு, ஆளுக்கு இரண்டு, தனித்தனி பில்.

இரவு கெர்ஃபுக்கு எதிரே
ரம்பத்தின் பங்கு என்று எழுதி
அடித்தேன்.
சனிக்கிழமை கோழிப்பண்ணைக்காரர் வந்து
தூளை மூட்டை கட்டிக்கொண்டு போனார்.